புட்டியைக் கண்டால் கோபம்!

இந்த வாரம் மாவடு போடும் முறையை எழுதுவதாக உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மன்னிக்க வேண்டும். மாவடு ஒரு வாரம் காத்திருக்கும். மூன்று வாரமாக எங்கள் எதிர் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் எனக்கு மாவடுவில் மனம் செல்லவில்லை.

அன்று திங்கட்கிழமை. பிற்பகல் மூன்று மணி இருக்கும். சாப்பாட்டுக் கடை முடிந்து, சற்றுத் தலை சாய்க்கலாம் என்று பாயை விரித்தேன். வாசல் மணி அடித்தது. எதிர் ஃப்ளாட் பெண் நின்றுகொண்டிருந்தாள். தோளில் குழந்தை. ஐந்து மாதம் முடிந்து சில நாட்கள்தான் ஆகின்றன. நல்ல புஷ்டியான பிள்ளை. அழுது அழுது முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. அவள் கையில் ஒரு பால் புட்டி. அதில் தொண்ணூறு மில்லி பால், ஒரு சொட்டுக் குறையாமல் அப்படியே இருந்தது.

"மாமி, மூணு நாளா இதே கூத்து. ரப்பரை உதட்டில வச்சாப் போதும், வில்லா வளைஞ்சுண்டு கத்தறான். இன்னும் பன்னிரண்டு நாள்ல நான் ஆபீஸ் போகணும். பேசாம வேலையை விட்டுடலாமான்னு தோணறது மாமி" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே அவள் கண்ணில் ஜலம் தளும்பிவிட்டது.

ஒரு தனியார் வங்கியில் வேலை அவளுக்கு. ஃப்ளாட்டின் பேரில் கடன் இருக்கிறது. அவள் சம்பளம் இல்லாவிட்டால் மாதத் தவணை கட்ட முடியாது. குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள மாமியார் இருக்கிறார். எல்லா ஏற்பாடும் ஆயிற்று, குழந்தையின் சம்மதம் ஒன்றைத் தவிர!

உள்ளே போய்ப் பார்த்தேன். சமையல் மேடையில் ஐந்து புட்டிகள், கொலு வைத்த மாதிரி. ஒன்றில் ரப்பர் உருண்டை, ஒன்றில் தட்டை, இன்னொன்று ஏதோ ராக்கெட் மாதிரி. ஒவ்வொன்றும் விலை அதிகம். ஒவ்வொன்றையும் அந்தப் பிள்ளை ஒரே மாதிரிதான் வரவேற்றிருக்கிறான். "இனிமேல் வாங்க வேண்டாம்" என்றேன். அதுதான் முதல் யோசனை.

வேலையை விடுவதும் விடாததும் அவள் இஷ்டம். குழந்தையோடு வீட்டில் இருக்க ஆசைப்பட்டு ஒருத்தி வேலையை விட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ஒரு ரப்பர் காம்புக்குத் தோற்றுப்போய் விடலாமா? நீங்களே சொல்லுங்கள்!

அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். எனக்கு முதல் பிள்ளை பிறந்தது 1974-ல். ஒரு நர்ஸிங் ஹோமில் பிரசவம். எதுவென்று இப்போது எதற்கு? குழந்தையைத் தனி அறையில் தொட்டிலில் போட்டிருப்பார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார்கள். பத்து நிமிஷத்தில் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காம்பெல்லாம் புண். மூன்றாம் நாள் ஒரு நர்ஸம்மாள் போகிற போக்கில், "உனக்குப் பால் பத்தாதும்மா, டப்பாப் பால் வாங்கி வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு அது நூற்றோடு நூற்றொன்று. எனக்கோ அந்த ஒரு வாக்கியம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. குழந்தை சிணுங்கினால் 'பத்தவில்லை', தூங்காவிட்டால் 'பத்தவில்லை'. ஒரு வேளை மார்பு, ஒரு வேளை புட்டி என்று ஆரம்பித்தது. பிறகு இரு வேளை புட்டி ஆயிற்று. மூன்றாம் மாதத்தில் பால் வற்றியே போய்விட்டது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஆரோக்கியமாகத்தான் இருக்கிறான். டப்பாப் பாலினால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. எனக்குத்தான் ஏதோ குறைந்த மாதிரி ரொம்ப நாள் இருந்தது.

இரண்டாவது குழந்தைக்குக் கும்பகோணத்திலிருந்து என் அத்தை துணைக்கு வந்திருந்தாள். எழுத்து வாசனை அதிகம் இல்லாதவள். நான் பால் கொடுப்பதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "என்னடி இது, பிள்ளையைக் காம்பைக் கடிக்க விட்டிருக்கே! பால் காம்பிலயா இருக்கு? அதுக்குப் பின்னாடின்னா இருக்கு!" என்றாள். இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பாலூட்டும் ஆலோசகர் என்று தனியாகவே ஒருவர் இருக்கிறாராம். அவரும் முதலில் பார்ப்பது என் அத்தை பார்த்ததைத்தான்.

பால் கொடுப்பதில் வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கிறது. ஆகையால் இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். தலைப்பிள்ளைக்காரிகள் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் சாய்ந்து, சௌகரியமாக உட்காருங்கள். முதுகுக்குத் தலையணை வேண்டும். குழந்தையைக் குனிந்து தேடிப் போகாதீர்கள். குழந்தையை உங்களிடம் கொண்டு வாருங்கள். அதன் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். மல்லாந்து படுத்தபடி கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டு நம்மால் ஒரு டம்ளர் மோர் குடிக்க முடியுமா? குழந்தைக்கும் அப்படித்தான். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். மூக்கு காம்புக்கு நேராக வரட்டும். கொட்டாவி விடுகிற மாதிரி வாய் பெரிதாகத் திறக்கும் வரை பொறுத்திருந்து, திறந்தவுடன் சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். காம்பு மட்டும் அல்ல, அதைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டமும் பெரும்பாலும் வாய்க்குள் போக வேண்டும். சரியாகப் பிடித்திருந்தால் குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தியிருக்கும். கீழுதடு வெளியே மலர்ந்திருக்கும். கறுப்பு வட்டம் மேல் பக்கம் கொஞ்சம் தெரியும், கீழ்ப் பக்கம் அவ்வளவு தெரியாது. சற்று நேரத்தில் 'களக், களக்' என்று விழுங்குகிற சத்தம் கேட்கும்.

ஊசி குத்துகிற மாதிரி வலித்துக்கொண்டே இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். சுண்டு விரலைச் சுத்தமாகக் கழுவி, குழந்தையின் கடைவாய் வழியே மெள்ள நுழைத்தால் பிடி விட்டுவிடும். மறுபடியும் பிடிக்க விடுங்கள். நாலு தரம் ஆனாலும் பாதகமில்லை. அப்படியும் வலி தீராவிட்டால் குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நீளாமல் இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

சரி, பால் போதுமா, போதாதா? முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் இருக்கும். முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி கிடைத்தாலே குழந்தைக்குப் போதும். அதைப் பார்த்துப் பயந்துதான் சர்க்கரைத் தண்ணீர் என்றும், தேனைக் குழைத்துச் சேனை என்றும் ஆரம்பிக்கிறார்கள். ஒரு வயது முடிகிற வரை தேன் கூடவே கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுக்களுக்குப் பெரிய ஆபத்தை உண்டாக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்க ஒரு நாள் இரண்டு நாள் கூடுதலாக ஆகலாம். அதற்காக மனம் தளர வேண்டாம்.

குழந்தை அழுகிறது என்பதை மட்டும் வைத்துப் 'பத்தவில்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. வயிறு நிறைந்த குழந்தையும் சாயங்கால வேளையில் அழும். ஐந்தாம் நாளுக்கு மேல் இருபத்துநாலு மணி நேரத்தில் ஆறு துணியாவது நன்றாக நனைகிறதா என்று பாருங்கள். பிறந்தவுடன் சற்றுக் குறைகிற எடை இரண்டு வாரத்துக்குள் பழையபடி திரும்பி, அப்புறம் ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், உங்களுக்குப் பால் போதும். பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னாலும் போதும்!

பூண்டும், வெந்தயமும், அசைவர்கள் வீட்டில் சுறாப் புட்டும் பால் சுரக்கக் கொடுப்பது நம் வழக்கம். பிள்ளை பெற்றவள் வயிறாரச் சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் இறைக்கிற கிணறுதான் ஊறும். ஆரம்ப வாரங்களில் நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தரம் குழந்தை குடிக்க வேண்டும். ராத்திரிப் பாலையும் விட்டுவிடக் கூடாது. பால் சுரக்கச் செய்கிற சத்து ராத்திரியில்தான் உடம்பில் அதிகம். மார்பில் பாலைத் தேங்க விட்டால், 'இவ்வளவு வேண்டாம் போலிருக்கிறது' என்று உடம்பு தானாகவே குறைத்துக்கொண்டுவிடும். 1974-ல் எனக்கு நடந்தது இதுதான் என்று இப்போது தெரிகிறது.

பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டால்? இங்கே ஓர் எச்சரிக்கை. சில வீடுகளில் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். வெறும் மூட நம்பிக்கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி அல்ல! பால் சுரப்பை நிறுத்துவதற்காகத் தருகிற மாத்திரையோடு மல்லிகைப் பூவை ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் வேலை செய்கிறது என்று 1988-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அதாவது, பால் கொடுக்க வேண்டாத நிலையில் இருக்கும் தாய்க்கு நம் பாட்டிமார் கண்டுபிடித்த வைத்தியம் அது. பால் கொடுக்கிறவள் கட்டிக்கொண்டால் உள்ளதும் போய்விடும்! தலையில் வைத்துக்கொள்ளுங்கள், தாராளமாக.

கட்டிய பாலுக்கு மருந்து குழந்தைதான். அடிக்கடி குடிக்க விடுங்கள். மார்பு இறுகி, குழந்தையால் பிடிக்க முடியாவிட்டால் கையால் கொஞ்சம் பீய்ச்சி இளக்கிவிட்டுக் கொடுங்கள். கொடுத்த பிறகு ஈரத் துணியைக் குளிர வைத்துப் போட்டால் வீக்கம் தணியும். ஓரிடம் மட்டும் சிவந்து, சுட்டு, ஜுரமும் நடுக்கமும் வந்துவிட்டால் கை வைத்தியம் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

இத்தனையும் செய்து பார்த்தும் உண்மையாகவே பால் போதாத தாய்மார்களும் இருக்கிறார்கள். தைராய்டுக் கோளாறு, முன்பு மார்பில் செய்த ஆபரேஷன், பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனது என்று எத்தனையோ காரணங்கள். அவர்களைப் பார்த்து யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். டாக்டர் சொன்ன பாலை, டப்பாவில் போட்டிருக்கிற அளவுப்படி, கொதித்து ஆறிய நீரில் கலந்து, மனக் குறை இல்லாமல் கொடுக்கட்டும். சிக்கனம் என்று தண்ணீரைக் கூட்டிவிட மட்டும் கூடாது. ஒரு காலத்தில் நம் வாரப் பத்திரிகைகளிலேயே கொழுகொழு குழந்தைப் படத்தோடு டப்பாப் பால் விளம்பரம் வந்துகொண்டிருந்தது. அந்தக் குழந்தையைப் பார்த்துத் தன் குழந்தை இளைப்பு என்று நினைத்த தாய்மார் எத்தனை பேரோ! 1992-ல் வந்த சட்டம் அந்த விளம்பரங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பால் புட்டியையும் விளம்பரம் செய்யக் கூடாது.

புட்டி என்றதும் நம் பிள்ளை ஞாபகத்துக்கு வந்துவிட்டான். எதிர் வீட்டுக்கே போவோம்.

ஐந்து மாதம் தாயிடம் குடித்த குழந்தைக்குப் புட்டி என்பது வேறு ஒரு பாஷை. மார்பில் நாக்கும் தாடையும் ஒரு விதமாக வேலை செய்ய வேண்டும். ரப்பரில் வேறு விதம். அங்கே தாயின் சூடும் வாசனையும்; இங்கே பிளாஸ்டிக். அதிலும் பெற்றவளே மடியில் வைத்துக்கொண்டு புட்டியை நீட்டினால் அவன் என்ன நினைப்பான்? 'உள்ளே விருந்து இருக்கும்போது வாசலில் நிறுத்தி இதென்ன?' என்று கத்தத்தானே செய்வான்! அதைப் பிடிவாதம் என்று சொல்வது அநியாயம்.

"பட்டினி போட்டாத் தானே குடிப்பான்னு எங்க ஒண்ணுவிட்ட அக்கா சொல்றா மாமி" என்றாள் அந்தப் பெண். வேண்டவே வேண்டாம். பசியில் வெறி பிடித்த குழந்தை புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளாது. அதற்குப் புட்டியைக் கண்டாலே பயம்தான் மிஞ்சும்.

நான் வீட்டுக்கு வந்து, பரணில் இருந்த பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் இரண்டாவது குழந்தைக்கு அத்தை கொண்டுவந்த வெள்ளிப் பாலாடை துணியில் சுற்றி அப்படியே இருந்தது. சின்ன அகல் மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மூக்கு நீண்டிருக்கும். சில ஊர்களில் சங்கு என்பார்கள். உங்கள் வீட்டிலும் எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் பாத்திரக் கடையில் எவர்சில்வரில் கிடைக்கிறது. அந்த ஐந்து புட்டிகளில் ஒன்றின் விலைகூட இராது.

இதைப் பழங்கால விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் புட்டி, கிண்ணம், பாலாடை மூன்றாலும் பிறந்த சிசுக்களுக்குப் பால் கொடுத்துப் பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் அதிகப் பால் உள்ளே போனது பாலாடையில்தானாம். மாதம் முந்திப் பிறந்து உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைகளுக்கு நம் ஆஸ்பத்திரிகளிலும் பாலாடையால்தான் புகட்டுகிறார்கள். புட்டி, ரப்பர் என்றால் இடுக்கு இடுக்காகக் கழுவ வேண்டும். சற்று ஏமாந்தால் வயிற்றுப்போக்கு. பாலாடையில் ஒளிய இடம் ஏது? சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் கொதிக்க வைத்து எடுத்தால் ஆயிற்று.

பாலாடையைக் கண்டதும் அந்தப் பெண்ணின் மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. "எங்காத்திலயும் இருந்தது. எங்க மாமியார் பிள்ளையைக் காலில் மல்லாக்கப் போட்டுண்டு, மூக்கைப் பிடிச்சு ஒரே மடக்கில் புகட்டிடுவா!" என்றார். எனக்குப் பகீர் என்றது. அப்படிச் செய்தால் பால் மூச்சுக் குழலில் இறங்கிவிடும். உயிருக்கே ஆபத்து. நல்ல வேளை, அந்த மாமி நல்ல சுபாவம் உள்ளவர். "அப்படின்னா நீங்களே காட்டிக் கொடுங்கோ" என்று உட்கார்ந்துவிட்டார்.

காட்டிக் கொடுத்தேன். குழந்தையின் தாயை, "நீ கீழே போய்க் கறிகாய் வாங்கிண்டு வா, அரை மணிக்குள் வரக் கூடாது" என்று துரத்திவிட்டேன். அவள் வாசனை வீட்டில் இருக்கும்வரை வேலை நடக்காது. பிள்ளை தூங்கி எழுந்து, விளையாடிக்கொண்டு, பசி இன்னும் உறைக்காத வேளை. அவனை மடியில் பாதி உட்கார்ந்த வாக்கில் வைத்து, தலையை முழங்கையில் தாங்கிக்கொண்டு, கையைத் தட்டிவிடாமல் மெல்லிய துண்டால் சுற்றி, பாலாடையில் பாதி அளவு பால் எடுத்தேன். அதன் மூக்கைக் கீழுதட்டின் மேல், கடைவாய்ப் பக்கமாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். ஊற்றக் கூடாது! குழந்தை தானாக நாக்கை நீட்டி நக்கும், பிறகு உறிஞ்சும். ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

முதல் நாள் பத்து மில்லி உள்ளே போயிருந்தால் அதிகம். பாக்கி என் புடவையிலும் அவன் கழுத்துத் துண்டிலும்! ஆனால் அழவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பாலாடையின் பளபளப்பைப் பார்த்துக் கையை நீட்டினான். மூன்றாம் நாளிலிருந்து அந்த மாமியே கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஏழாம் நாள் ஒரே அமர்வில் அறுபது மில்லி.

நடுவில் ஒரு நாள் பாலாடையையும் தள்ளிவிட்டான். ஏன் என்று புரியவில்லை. பாலை மோந்து பார்த்தேன். சோப்பு மாதிரி ஒரு வாடை. சிலருடைய பால் ஐஸ் பெட்டியில் இருந்தால் இப்படி ஆகிவிடுவது உண்டு. கெட்டுப்போனது அல்ல, ஆனால் குழந்தைக்குப் பிடிக்காமல் போகலாம். அன்றன்று எடுத்த பாலாகக் கொடுத்ததும் குடித்துவிட்டான். சில சமயம் காதில் வலி, மூக்கடைப்பு, நாக்கில் வெள்ளைப் படலம் இவற்றாலும் குழந்தை பாலைத் தள்ளும். அப்போது தாயிடமும் குடிக்காது. மார்பும் வேண்டாம், பாலாடையும் வேண்டாம் என்று சோர்ந்து கிடந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

பால் எடுத்து வைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த வயதுக் குழந்தைக்குத் தாய் இல்லாத நேரத்தில் மணிக்குச் சுமார் 30 மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்பது மணி நேரம் வெளியே போகிறவள் முந்நூறு மில்லி போல எடுத்து வைத்தால் போதும். கையாலேயே எடுக்கலாம். கட்டை விரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும், காம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விட வேண்டும். காம்பைப் பிழியக் கூடாது. முதல் இரண்டு நிமிஷம் ஒன்றும் வராது, அவசரப்படாதீர்கள். மனம் கலங்கியிருந்தால் பால் இறங்கத் தாமதமாகும். எதிர் வீட்டுப் பெண் செல்போனில் பிள்ளையின் படத்தைப் பார்த்துக்கொண்டே எடுக்கிறாள். மின்சாரப் பம்பும் அவளிடம் இருக்கிறது. நல்ல சாதனம்தான்.

எடுத்த பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் நாலு மணி நேரம் தாங்கும். சென்னையில் எந்த அறை அப்படி இருக்கிறது? ஆகையால் எடுத்தவுடன் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கதவில் அல்ல, உள் தட்டில். நாலு நாள் வரை இருக்கும். மேலே ஆடை மாதிரி பிரிந்து நின்றால் பயப்பட வேண்டாம். மெள்ளச் சுழற்றினால் கலந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நிறுத்தி வைத்து இளஞ்சூடாக்க வேண்டும். அடுப்பிலும் வைக்கக் கூடாது, மைக்ரோவேவிலும் வைக்கக் கூடாது. குழந்தை எச்சில் பட்டு மிஞ்சியதை எடுத்து வைக்காதீர்கள்.

ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். பிரசவ விடுமுறைச் சட்டம் 1961-ல் வந்தபோது பன்னிரண்டு வாரம்தான். 2017-ல் அதை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஒரு வருஷம். இந்தப் பெண் பிரசவத்துக்கு முன்பே மூன்று வாரம் எடுத்துக்கொண்டுவிட்டாள். அதனால்தான் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் முன்பே கிளம்ப வேண்டியதாயிற்று. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு வேளை தவிரத் தினம் இரண்டு தடவை பால் கொடுப்பதற்கென்று இடைவேளை உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. அவளுடைய மேலாளருக்கும் தெரியாதாம்! "அந்த நேரத்தில் பால் எடுத்து வைக்க எனக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும் என்று எழுதிக் கேள்" என்றேன். கூச்சப்பட்டாள். "கூச்சம் என்ன? 2015-லேயே நம் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பால் கொடுக்கத் தனி அறை திறந்தார்கள். பஸ் நிலையத்தில் முடிந்தது பாங்கில் முடியாதா?" என்று அதட்டினேன். கேட்டாள். காகிதம், ரிஜிஸ்டர் எல்லாம் அடுக்கி வைக்கிற அறையைக் காலி பண்ணி, ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

சென்ற திங்கட்கிழமை அவள் முதல் நாள் ஆபீஸ் போனாள். காலையில் கிளம்பும் முன் வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டு, லிஃப்டுக்குள் நின்று அழுதாள். எனக்கும் அன்று காபி இறங்கவில்லை. பதினோரு மணிக்கு எதிர் வீட்டு மாமி வந்து, "ஐம்பது குடிச்சான்" என்றார். ஒரு மணிக்கு வந்து, "நாற்பதுதான். துப்பிட்டான்" என்றார். சாயங்காலத்துக்குள் நாலு தடவையில் இருநூறு மில்லி ஆயிற்று. முந்நூறு ஆகவில்லையே என்று மாமிக்குக் கவலை. "ராத்திரி அம்மாவிடம் வட்டியோடு வசூல் பண்ணிப்பான் பாருங்கோ" என்றேன். அப்படித்தான் நடந்தது. தாய் வெளியே போகிற பல குழந்தைகள் பகலில் கொஞ்சமாகக் குடித்து, ராத்திரியில் ஈடு கட்டிக்கொள்ளும். அவளுக்குத்தான் தூக்கம் போயிற்று. சனி ஞாயிறு மத்தியானங்களில் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட வேண்டும், அவள் தூங்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன்.

ஐந்து புட்டிகளில் நாலைப் பெட்டியோடு கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். ராக்கெட் புட்டியில் இப்போது கடுகு போட்டு வைத்திருக்கிறார் அந்த மாமி. அடுத்த வாரம் பிள்ளைக்கு ஆறு மாதம் முடிகிறது. பருப்பு மசித்த சாதம் ஆரம்பிக்கப் போகிறார்கள். பாலாடை அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.

மாவடு அடுத்த வாரம். நிச்சயம்!